தம் நடை மாறாத தமிழ்த் தாத்தா

உடன் பயின்றவன் எந்தப் பதவியில் இருக்கிறான், அண்டை வீட்டான் எவ்வளவு பொருள் சேர்த்தான் என்று அளந்து பார்ப்பதிலேயே பலருடைய காலம் கழிந்துவிடுகிறது. அந்த அளவுகோலைக் கையில் எடுக்காமல், தமக்கென அமைந்த பணியைத் தமக்கு இயன்ற வேகத்தில் செய்து முடித்த பெரியோரின் வாழ்வு எண்ணிப் பார்க்கத்தக்கது. அத்தகையோருள் ஒருவர், தமிழ்த் தாத்தா என்று தமிழுலகம் போற்றும் மகாமகோபாத்தியாய டாக்டர் உ.வே. சாமிநாதையர்.

தமிழைத் தேர்ந்த இளைஞர்

தஞ்சை மாவட்டத்தில் பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சேர்ந்த அவர் 19.2.1855 அன்று பிறந்தார். தந்தையார் வேங்கடசுப்பையர் இசையில் வல்லவர். இராமாயணப் பிரசங்கம் செய்து, அன்பர்கள் அளிக்கும் பொருளைக் கொண்டு குடும்பம் நடத்தியவர். வறுமை அக்குடும்பத்தின் நிரந்தர விருந்தாளியாக இருந்தது.

ஆங்கிலம் கற்றவர்களுக்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்த காலம் அது. வடமொழி கற்றவர்களுக்குச் சமுதாயத்தில் மதிப்பு இருந்தது. இவ்விரண்டில் ஒன்றைக் கற்கும்படி உறவினர் வற்புறுத்தினர். இளைஞரின் உள்ளமோ தமிழையே நாடியது. பிழைப்புக்கு வழி காட்டாத கல்வி என்று பிறர் கருதியதை அவர் மனமார ஏற்றுக்கொண்டார்.

1871ஆம் ஆண்டு மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணாக்கராகச் சேர்ந்தார். அதே ஊரில் இருந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசையும் கற்கத் தொடங்கினார். ஆசிரியருக்கு அதில் விருப்பமில்லை என்று அறிந்தவுடன், இசைப் பயிற்சியை விட்டுத் தமிழ் ஒன்றிலேயே கருத்தைச் செலுத்தினார். 1876இல் ஆசிரியர் மறைந்தபின் திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் கல்வியைத் தொடர்ந்தார். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து.

அகந்தையை அகற்றிய கேள்வி

அதே ஆண்டில் சேலம் இராமசுவாமி முதலியார் முன்சீபாகக் கும்பகோணத்துக்கு மாற்றலாகி வந்தார். அவரைக் காணச் சென்ற சாமிநாதையர், தாம் கற்ற அந்தாதிகளையும் கலம்பகங்களையும் பிள்ளைத்தமிழ் நூல்களையும் வரிசையாக எடுத்துரைத்தார். முதலியார் அவற்றைக் கேட்டு வியக்கவில்லை. சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் ஆகியவற்றைப் படித்ததுண்டா என்று வினவினார். அவற்றின் ஏடுகளையே சாமிநாதையர் பார்த்ததில்லை.

வேறொருவராயின் அவமானத்தால் குன்றியிருப்பார். அல்லது கேட்டவர்மீது சினம் கொண்டிருப்பார். சாமிநாதையரோ முதலியாரிடமிருந்தே சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதியைப் பெற்று, முதல் எழுத்திலிருந்து கற்கலானார். சமண மரபுச் செய்திகள் விளங்காதபோது, சைவ மடத்தில் பயின்றவர் என்ற நிலையை ஒரு பொருட்டாக எண்ணாமல், கும்பகோணத்துச் சமணர்களின் இல்லங்களுக்குச் சென்று கேட்டுத் தெளிந்தார்.

ஏழு ஆண்டு உழைப்பு

அந்நாளில் பழந்தமிழ் நூல்களை அச்சிடுவதில் யாழ்ப்பாணத்து அறிஞர் சி.வை. தாமோதரம் பிள்ளை முன்னோடியாக விளங்கினார். சாமிநாதையரைவிட 23 ஆண்டுகள் மூத்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவர். வீரசோழியம் 1881இலும், தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885இலும் அவரால் வெளிவந்தன. சிந்தாமணியையும் வெளியிட அவர் விரும்பினார். சாமிநாதையர் சேர்த்து வைத்திருந்த பிரதிகளைக் கேட்டு அவரிடமே வந்தார். அனுபவமும் செல்வாக்கும் மிக்க ஒருவர் களத்தில் இருக்கும்போது இளைஞர் ஒதுங்கியிருக்கலாம். அல்லது முந்திக்கொள்ளும் ஆத்திரத்தில் அரைகுறையாக அச்சிட்டிருக்கலாம். இரண்டையும் அவர் செய்யவில்லை.

மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைப் பல ஏடுகளோடு ஒப்பிட்டார். நச்சினார்க்கினியர் தம் உரையில் நூற்பெயர் சொல்லாமல் காட்டும் மேற்கோள்கள் எங்கிருந்து வந்தன என்று தேடினார். கல்லூரி விடுமுறைகளில் சென்னை சென்று அச்சுத்தாள்களைத் திருத்தினார். 1887இல் சிந்தாமணி வெளிவந்தது.

புகழோடு பழியும் வந்தது. பதிப்பில் குற்றம் கூறிச் சிலர் துண்டுப் பிரசுரங்கள் வெளியிட்டனர். மனம் நொந்த சாமிநாதையர் மறுப்பு எழுத முற்பட்டார். கல்லூரியில் உடன் பணிபுரிந்த பெரியவர் ஒருவர் அதனைத் தடுத்தார். மறுப்புக்கு மறுப்பு எழுதத் தொடங்கினால் ஆக்கப் பணிக்குக் காலம் இராது என்பது அவர் அறிவுரை. அதனைச் சாமிநாதையர் வாழ்நாள் முழுவதும் கடைப்பிடித்தார். பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் வெளிவந்தன. சிந்தாமணியையும் அவர் அப்படியே விட்டுவிடவில்லை. புதிய ஏடுகளின் துணைகொண்டு திருத்தி, 1907இல் இரண்டாம் பதிப்பும் 1922இல் மூன்றாம் பதிப்பும் வெளியிட்டார்.

தேடுவதில் விரைவு

நிதானம் என்பது சோம்பல் அன்று. ஏடு இருக்கிறது என்று கேள்விப்பட்டால் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் உடனே புறப்பட்டுவிடுவார். கரிவலம்வந்தநல்லூர் கோயிலில் பாண்டிய மன்னர் காலத்து ஏடுகள் இருந்தன என்று அறிந்து அங்கே சென்றபோது, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாகத் தெரிந்தது. அவர் நெஞ்சம் துடித்தது. ஒரு நாள் தாமதித்தாலும் ஒரு நூல் அழியக்கூடும் என்பதை அறிந்தே அவர் ஊர் ஊராக அலைந்தார். ஆனால் கையில் கிடைத்த ஏட்டை ஆராய்ந்து அச்சுக்குக் கொடுப்பதில் மட்டும் ஒருநாளும் அவசரம் காட்டியதில்லை.

எண்பத்திரண்டாம் வயதில்

இதற்குக் குறுந்தொகையே சான்று. திருக்கண்ணபுரம் சௌரிப்பெருமாள் அரங்கன் 1915இலேயே தம் உரையுடன் அந்நூலை வெளியிட்டுவிட்டார். பிறர் முந்திவிட்டார் என்று சாமிநாதையர் அதனைக் கைவிடவும் இல்லை. போட்டியாக விரைந்து ஒன்றை வெளியிடவும் இல்லை. பாடவேறுபாடுகளைத் தொகுத்து, விரிவான உரை எழுதி, 1937இல் தம் பதிப்பை வெளியிட்டார். இருபத்திரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. அவருக்கு வயது 82.

1940இல் தம் வரலாற்றை ஆனந்த விகடனில் தொடராக எழுதத் தொடங்கினார். உலகப் போர் அச்சத்தால் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றம் சென்றிருந்தபோது 28.4.1942 அன்று இறைவனடி சேர்ந்தார். வரலாறு முற்றுப்பெறாமலே நின்றது. அவர் தொகுத்த ஏடுகளைப் பேணுவதற்கு 1943இல் சென்னையில் அவர் பெயரால் நூல்நிலையம் அமைந்தது.

தாமோதரம் பிள்ளையின் உழைப்பும் அரங்கனாரின் உழைப்பும் சாமிநாதையரின் உழைப்பும் தமிழுக்குத் தேவையாகவே இருந்தன. யார் முந்தினார் என்ற கணக்கு அவர்களோடு மறைந்துவிட்டது. அவரவர் செய்த பணி நின்றுவிட்டது. அண்டை வீட்டுப் பிள்ளையின் தேர்ச்சிப் புள்ளிகளைச் சொல்லித் தம் பிள்ளையை விரட்டும் பெற்றோர், கல்விக்கூடத்துத் தோழரைப் பார்த்துத் தம்மையே தாழ்வாக எண்ணும் இளைஞர் ஆகிய அனைவருக்கும் தமிழ்த் தாத்தாவின் வாழ்வு ஆறுதலளிக்கும். தெரியாததைத் தெரியாது என ஒப்புக்கொண்டு கற்கத் தொடங்கினால், இருபத்தைந்தாம் வயதும் காலங்கடந்ததன்று. எண்பத்திரண்டாம் வயதும் காலங்கடந்ததன்று.