திபேரியஸ் ஜூலியஸ் அலெக்சாண்டர்: குலமும் பதவியும்

உரோமப் பேரரசின் உயர்பதவிகளை எட்டிய யூதருள் திபேரியஸ் ஜூலியஸ் அலெக்சாண்டர் குறிப்பிடத்தக்கவர். அலெக்சாந்திரியாவின் செல்வக் குடியில் தோன்றிய இவர், மெய்யியலாளர் பிலோவின் உடன்பிறந்தார் மகன். இவர்தம் தந்தை எருசலேம் கோயிலின் ஒன்பது வாயில்களுக்குப் பொன் வெள்ளித் தகடுகள் வேய்ந்தளித்தவர். மகனோ முன்னோர் நெறியினின்று விலகியவர் என்பது வரலாற்றாசிரியர் யோசேபஸின் கருத்து.

கி.பி. 46 முதல் 48 வரை யூதேயாவை ஆண்டபோது, கலிலேயனாகிய யூதாவின் மைந்தர் இருவரைச் சிலுவையில் அறைவித்தார். 66இல் நீரோ இவரை எகிப்தின் ஆளுநராக்கினார். அலெக்சாந்திரியாவில் கிரேக்கர்க்கும் யூதர்க்கும் கலகம் மூண்டது. யூதப் பெரியோர் வழியாக முதலில் அமைதி வேண்டினார். அது பயன்தராதபோது யூதர் குடியிருப்பின்மேல் படையை ஏவினார். மாண்டோர் 50,000 என்பது யோசேபஸ் தரும் கணக்கு. எனினும் இவரை வன்கண்ணராக மட்டும் கருதவியலாது. முறையற்ற வரியையும் அலுவலர் கொடுமையையும் தடுக்க 68இல் இவர் பிறப்பித்த ஆணை, கார்கா பாலைவனச் சோலையின் ஹிபிஸ் கோயில் வாயிலில் கல்வெட்டாக இன்றும் உள்ளது.

69 ஜூலை 1 அன்று வெஸ்பாசியனைப் பேரரசராக ஏற்கும் உறுதிமொழியைத் தம் படையினரை எடுக்கச் செய்தார். அடுத்த ஆண்டு எருசலேம் முற்றுகையில் தீத்துவுக்குத் துணைநின்றார். தீத்துவின் ஆணையால் கோயில் வாயில்களுக்குத் தீயிடப்பட, வெள்ளித் தகடுகள் உருகின. பின்னர்க் கூடிய படைத்தலைவர் அவையில், கோயிலைக் காக்கும் முடிவுக்கு அலெக்சாண்டர் இசைந்தார். அவ்விசைவு கோயிலைக் காக்கவில்லை. தந்தை அணிசெய்த கோயில், மகன் பணியாற்றிய படையால் அழிந்தது.