நிலவின் கணக்கு

நிலவு புவியைச் சுற்றி வருகிறது. கதிரவனும் அதனைத் தன்பால் ஈர்ப்பதால், அதன் பாதை ஓயாது மாறிக்கொண்டே இருக்கிறது. அம்மாற்றங்களைச் சமன்பாடுகளில் வகுத்துரைக்க இருபது ஆண்டுகள் உழைத்தவர் பிரெஞ்சு வானியலறிஞர் சார்லஸ் தெலோனே.

1816ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் பிறந்த தெலோனே, பாரிசு நகரின் எக்கோல் பாலிடெக்னிக் கல்லூரியில் பயின்று, பின்னர் அங்கேயே பேராசிரியரானார். தொடக்கத்திலேயே எண்களை இட்டுக் கணித்தால் விடை விரைவில் கிடைக்கும். ஆயின், விடையின் எப்பகுதி எக்காரணத்தால் விளைந்தது என்பது மறைந்துவிடும். எனவே, பாதையின் நீள்வட்டத் தன்மை, சாய்வு முதலியவற்றை அவர் இறுதிவரை எழுத்துக் குறியீடுகளாகவே கொண்டு சென்றார். கணிக்கப் பத்தாண்டுகள், சரிபார்க்கப் பத்தாண்டுகள் கழிந்தன. ஏறத்தாழத் தொள்ளாயிரம் பக்கங்கள் கொண்ட இரு பெருந்தொகுதிகள் 1860, 1867ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன.

அவ்வுழைப்பின் பயன் ஒரு பெரும்பூசலில் வெளிப்பட்டது. பழங்காலக் கிரகணக் குறிப்புகளை ஆராய்ந்தோர், நிலவின் வேகம் மெல்லக் கூடிவருவதாகக் கண்டனர். அம்மிகுதியில் ஏறத்தாழப் பாதியையே ஈர்ப்புக் கொள்கை விளக்கும் என இங்கிலாந்தின் ஜான் ஆடம்ஸ் 1853இல் காட்டினார். அறிஞர் பலர் அதனை மறுத்தனர். தெலோனே தம் முறையில் தனித்துக் கணித்து, ஆடம்ஸின் முடிவே சரியென நிறுவினார். அப்படியாயின் எஞ்சிய பாதி எங்கிருந்து வந்தது? கடல் ஓதங்களின் உராய்வால் புவியின் சுழற்சி தளர்கிறது. நாள் என்னும் அளவுகோலே நீள்வதால், நிலவு விரைவதாகத் தோன்றுகிறது என 1865இல் அவர் விளக்கினார். கணக்கில் உறுதி இருந்தமையால், புவியையே ஐயுறும் துணிவு பிறந்தது.

1870இல் பாரிசு வானியல் ஆய்வகத்தின் இயக்குநரான தெலோனே, 1872இல் செர்பூர் நகரை அடுத்த கடலில் படகு கவிழ்ந்து மறைந்தார். ஈபெல் கோபுரத்தில் பொறிக்கப்பட்டுள்ள 72 அறிஞர் பெயர்களுள் அவர் பெயரும் ஒன்று.

எழுத்துக் குறியீடுகளைக் கையாளக் கணினி கற்றுக்கொண்ட பின், 1970இல் அமெரிக்காவில் மூன்று ஆய்வாளர்கள் அவருடைய கணக்கை முழுவதும் மீண்டும் செய்தனர். கணினிக்கு ஏறத்தாழ இருபது மணி நேரமே தேவைப்பட்டது. அது கண்டறிந்த பிழைகள் மூன்று. அவற்றுள் இரண்டு, முதற்பிழையின் விளைவுகள். ஆயிரத்து எண்ணூறு பக்கக் கணக்கில் ஒரு மனிதரின் கை சறுக்கிய இடம் ஒன்றே ஒன்றுதான்.