தராசை நம்பிய லவாய்சியர்

பழுக்கக் காய்ச்சிய இரும்பின் மீது நீராவியைச் செலுத்தினால் இரும்பு ஆக்ஸைடும் ஹைட்ரஜனும் கிடைக்கும். இதற்குச் சமன்பாடு எழுதி, இருபுறமும் எண்களைப் போட்டுச் சமன் செய்வதற்குள் எங்கள் வகுப்பில் பலருக்கு வியர்த்துவிடும். அந்தச் சமனுக்கு அடிப்படையான உண்மையைத் தராசு கொண்டு நிலைநாட்டியவர் அந்துவான் லவாய்சியர்.

இவர் 1743ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26ஆம் நாள் பாரிஸ் மாநகரில், வசதியான வழக்கறிஞர் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். சட்டம் பயின்றாலும் அவர் உள்ளம் விஞ்ஞானத்தையே நாடியது. 1768இல், அரசருக்காக வரி வசூலிக்கும் நிறுவனத்தில் பங்கு வாங்கினார். அதில் வந்த பணம்தான் நுட்பமான தராசுகள் செய்விக்க உதவியது.

நீர் ஒரு தனிமம் என்றே நெடுங்காலமாக அறிஞர்கள் நம்பியிருந்தனர். லவாய்சியர், மெஸ்னியே என்னும் இராணுவப் பொறியாளருடன் சேர்ந்து, இரும்புத் துப்பாக்கிக் குழல் ஒன்றைச் சிவக்கக் காய்ச்சி, அதனுள் நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். மறுமுனையில் எரியும் வாயு வந்தது. இரும்போ முன்னைவிட எடை கூடியிருந்தது! அந்தக் கூடுதலையும் வாயுவின் எடையையும் கூட்டினால், செலவான நீரின் எடை கிடைத்தது. 1785 பிப்ரவரியில் அறிஞர்கள் முன்னிலையில் இதைப் பெரிய அளவில் செய்துகாட்டினார்.

அணுக்களை எண்ணிச் சமன்பாடு எழுதும் முறை அவர் காலத்தில் இல்லை. இன்று மூன்று இரும்பு, நான்கு நீர் என்று எழுதுகிறோம். 168 கிராம் இரும்பும் 72 கிராம் நீரும் சேர்ந்து 240. வலப்புறம் 232 கிராம் ஆக்ஸைடு, 8 கிராம் ஹைட்ரஜன், அதுவும் 240! இதைக் கூட்டிப் பார்த்த அன்றுதான் அந்த எண்கள் வெறும் மனப்பாடம் அல்ல என்று எனக்கு விளங்கியது.

1771இல் அவரை மணந்தபோது மேரி ஆனுக்கு வயது 13. நம்மைவிடச் சிறியவர்! தாயில்லாத அவரும் கன்னியர் மடத்தில்தான் கல்வி கற்றார். கணவருக்காக ஆங்கில நூல்களை மொழிபெயர்த்தார். சோதனைக் குறிப்புகளை எழுதினார். 1789இல் வெளிவந்த லவாய்சியரின் வேதியியல் நூலுக்குப் படங்களை வரைந்தார்.

அதே ஆண்டில் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. வரி வசூலித்தவர்கள் மீது மக்களுக்குத் தீராத கோபம். தராசுக்குப் பணம் தந்த பதவியே லவாய்சியரின் உயிரைக் குடித்தது. 1794 மே 8ஆம் நாள், 50ஆம் வயதில், கில்லட்டினில் அவர் தலை வெட்டப்பட்டது. மேரி ஆனின் தந்தையும் அதே நாளில் மாண்டார். பறிமுதலான ஆய்வுக் குறிப்புகளை மேரி ஆன் போராடித் திரும்பப் பெற்று, கணவரின் கடைசிக் கட்டுரைகளை அச்சிட்டு, அறிஞர்களுக்குத் தம் கையாலேயே வழங்கினார்.