எலிசபெத்து என்னும் பெயர்

உங்களில் லீசா, எல்சா, பெட்டி என்று யாருக்காவது பெயர் இருக்கிறதா? இவை எல்லாம் எலிசபெத்து என்ற ஒரே பெயரிலிருந்து வந்தவை. சித்திரப் படத்தில் பனியை உண்டாக்கும் எல்சாவும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

லூக்கா முதலாம் அதிகாரத்தில் யோவான் ஸ்நானனின் தாயார் எலிசபெத்து. யாத்திராகமத்தில் ஆரோனின் மனைவி எலிசபாள். எபிரெயத்தில் இருவருக்கும் ஒரே பெயர். ஏல் என்றால் தேவன். மற்றப் பாதி ஆணை. யார்மேல் ஆணையிடுகிறேனோ அவரே என் தேவன் என்பது கருத்து. ஆபிரகாம் ஏழு ஆட்டுக்குட்டிகளை நிறுத்தி ஆணையிட்ட பெயெர்செபாவின் பெயரிலும் இதே சொல் இருக்கிறது. எபிரெயத்தில் ஏழுக்கும் ஆணைக்கும் வேர் ஒன்று.

நாம் வாழும் ஜேர்மனியில் இந்தப் பெயர் வீடுவீடாய்ப் பரவியதற்கு ஒரு இளம் பெண் பெரிய காரணம். 1207இல் ஹங்கேரி அரசரின் மகளாகப் பிறந்தார். நான்கு வயதில், வருங்கால மருமகளாக வார்ட்பூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டார். ஆம், ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் லூத்தர் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்த அதே கோட்டைதான். 1221இல் இளவரசர் லூட்விக்கை மணந்தபோது எலிசபெத்துக்கு வயது 14.

அவர் மேலாடையில் மறைத்த அப்பம் ரோசாப்பூவானது என்ற கதையைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அதைவிட எனக்குப் பிடித்தது அவருடைய தோழிப் பெண்கள் பின்னாளில் சொன்ன சாட்சி. உணவு மேசைக்கு வந்ததும், இது எங்கிருந்து வந்தது என்று விசாரிப்பாராம். குடியானவர்களிடம் அநியாயமாய்ப் பறித்தது என்றால் தொடமாட்டார். விருந்திலிருந்து பசியோடு எழுந்த நாட்களும் உண்டு. கணவர் அதைத் தடுக்கவில்லை. 1226இல் பஞ்சம் வந்தது. லூட்விக் இத்தாலியில் இருந்தார். எலிசபெத்து களஞ்சியத்தைத் திறந்து தானியத்தை ஏழைகளுக்குப் பகிர்ந்தார். அரண்மனையார் முணுமுணுத்தார்கள், திரும்பி வந்த லூட்விக் மனைவியின் பக்கமே நின்றார்.

அடுத்த ஆண்டு சிலுவைப் போருக்குப் புறப்பட்ட லூட்விக், இத்தாலியில் காய்ச்சலால் இறந்தார். சில நாட்களில் கெர்ட்ரூட் என்ற மூன்றாவது குழந்தை பிறந்தது. எலிசபெத்து கோட்டையை விட்டு வெளியேறினார். 1228 பெரிய வெள்ளியன்று பலிபீடத்தின் மேல் கைகளை வைத்து, உலக மேன்மையையும் சொந்தபந்தத்தையும் பிள்ளைகளையும் விட்டுவிடுவதாக ஆணையிட்டார். பெயரில் இருந்த ஆணை வாழ்க்கையிலும் வந்தது. ஒரு தாயாக இதை எழுத எனக்குக் கை தயங்குகிறது. இரண்டு வயதுகூட ஆகாத கெர்ட்ரூட்டை ஆல்ட்டன்பெர்க் மடத்தில் ஒப்படைத்தார். அவருடைய ஆவிக்குரிய வழிகாட்டி கொன்ராட் அவரை அடிக்கவும் செய்தார். அதை நாம் நல்லதென்று சொல்லவேண்டியதில்லை.

மார்பூர்க் நகரில் எலிசபெத்து ஒரு வைத்தியசாலை கட்டினார். அரசர் மகள் தன் கையாலேயே நோயாளிகளைக் கழுவினார். கூலிக்குக் கம்பளி நூல் நூற்றார். 1231 நவம்பர் 17இல் இறந்தபோது வயது 24 மட்டுமே.

1235இல் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது. அதே ஆண்டு மார்பூர்க்கில் அவர் பெயரால் ஆலயம் கட்டத் தொடங்கினார்கள். அவருடைய உறவில் பிறந்த ஒரு சிறுமிக்கு அவர் பெயரையே வைத்தார்கள்; அந்தப் பிள்ளை வளர்ந்து போர்த்துக்கல் நாட்டு அரசியானார். அங்கே பெயர் இசபெல் என்று மாறியது. லூத்தரும் 1527இல் பிறந்த தம் முதல் மகளுக்கு எலிசபெத் என்றுதான் பெயரிட்டார். ஜேர்மன் நகரங்களில் எலிசபெத் வைத்தியசாலை என்ற பெயர்ப்பலகைகளை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

கெர்ட்ரூட் என்ன ஆனாள் என்று கேட்கிறீர்களா? ஆல்ட்டன்பெர்க்கிலேயே வளர்ந்து, அந்த மடத்தை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் தலைவியாக நடத்தினார்.