அம்பு எய்து செய்த மெஷின்: மாரடைப்புக்குப் பிறகு என்ன ஆகும்னு சொல்லும் இசிஜி பிறந்த கதை

நடுராத்திரி. திடீர் நெஞ்சு வலி. அரியலூர் மாவட்டம் செந்துறை பக்கத்துல ஒரு கிராமத்துல இருந்து ஒருத்தரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்கன்னு வைச்சுக்குவோம். அங்கே முதல்ல எடுக்கிற டெஸ்ட் இசிஜிதான். கட்டம் போட்ட பேப்பரில் ஓடும் அந்தக் கோடு, இப்போது என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்வதில்லை. அடுத்து என்ன நடக்கலாம் என்பதையும் காட்டுகிறது. இந்தக் கோட்டை மருத்துவத்துக்குக் கொடுத்தவர் வில்லெம் ஐந்தோவன்.

யார் இவர்?

1860 மே 21 அன்று, இன்றைய இந்தோனேசியாவின் ஜாவா தீவில் உள்ள செமராங் நகரில் பிறந்தவர் ஐந்தோவன். அப்போது அது டச்சுக்காரர்களின் காலனி. டாக்டரான அப்பா, மகன் சிறுவனாக இருந்தபோதே இறந்துவிட்டார். அம்மா 6 பிள்ளைகளோடு 1870-ல் நெதர்லாந்துக்குத் திரும்பினார். யூட்ரெக்ட் நகரில் மருத்துவம் படித்த ஐந்தோவன், 25 வயதிலேயே லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார்.

இதயத் துடிப்பில் மின்சாரம் இருப்பது அப்போதே தெரியும். லண்டனில் அகஸ்டஸ் வாலர் 1887-ல் மனித இதயத்தின் மின் துடிப்பைப் பதிவு செய்திருந்தார். 1889-ல் பாசல் நகர மாநாட்டில் வாலரின் செய்முறையை ஐந்தோவன் நேரில் பார்த்தார். பிரச்னை ஒன்றுதான்: பாதரசத்தை வைத்து இயங்கிய அந்தக் கருவி மந்தமானது. அதில் வந்த கோட்டை வைத்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது.

270 கிலோ மெஷின், 5 ஆட்கள்

பல வருட உழைப்புக்குப் பிறகு, 1901-ல் தன் புதிய கருவியை ஐந்தோவன் அறிவித்தார். அதன் உயிர்நாடி, வெள்ளி பூசிய மெல்லிய குவார்ட்ஸ் இழை. இதை எப்படி இழுத்தார்கள் தெரியுமா? உருக்கிய குவார்ட்ஸை அம்பின் முனையில் ஒட்டி, வில்லில் வைத்து எய்தார்கள். அம்பு பறக்கும் வேகத்தில் பின்னாலேயே நூல் நீண்டது. இரண்டு காந்த முனைகளுக்கு நடுவே அந்த நூல் அசைய, அதன் நிழல் படச்சுருளில் பதிவானது.

மெஷினின் எடை சுமார் 270 கிலோ. இயக்க 5 பேர் வேண்டும். சூடாகும் காந்தத்தைக் குளிர்விக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கணும். நோயாளி இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர் வாளிகளில் வைத்து உட்கார வேண்டும். இன்று டாக்டர்கள் சொல்லும் பி, க்யூ, ஆர், எஸ், டி என்ற அலைப் பெயர்களும் ஐந்தோவன் வைத்தவைதான்.

ஆஸ்பத்திரிக்குப் போகாத மெஷின்

இவ்வளவு பெரிய மெஷினை வார்டுக்குத் தூக்கிட்டுப் போக முடியாது. தீவிர நோயாளிகளை லேபுக்குக் கொண்டுவருவதும் கஷ்டம். அதனால் 1905-ல், லைடன் ஆஸ்பத்திரியில் இருந்து சுமார் 1.5 கி.மீ. தள்ளியிருந்த தன் லேபுக்கு, டெலிபோன் கம்பி வழியாக இதயத்தின் சிக்னலை வரவழைத்தார். இன்று மொபைலில் இசிஜி அனுப்புவதற்கு அதுவே முன்னோடி.

1924-ல் நோபல் பரிசு கிடைத்தபோது அவர் அமெரிக்காவில் சொற்பொழிவுப் பயணத்தில் இருந்தார். கூடவே உழைத்த உதவியாளர் அதற்குள் இறந்துவிட்டதால், அவருடைய சகோதரிகளைத் தேடிக் கண்டுபிடித்துப் பரிசுப் பணத்தில் பாதியைக் கொடுத்தார் என்று சொல்லப்படுகிறது. 1927 செப்டம்பர் 29 அன்று ஐந்தோவன் லைடனில் காலமானார்.

கோடு என்ன சொல்லுது?

மாரடைப்பின் அடையாளத்தை இசிஜியில் காட்டியது மற்றவர்கள். நியூயார்க்கின் ஹெரால்ட் பார்டீ 1920-ல், எஸ் அலைக்கும் டி அலைக்கும் இடைப்பட்ட 'எஸ்டி' பகுதி மேலே தூக்கி நிற்பதைப் பதிவு செய்தார். அதன்பின் டாக்டர்கள் இந்தக் கோட்டில் எதிர்காலத்தையும் தேடத் தொடங்கினார்கள்.

ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து போட்ட 60 முதல் 90 நிமிடங்களில், தூக்கி நின்ற எஸ்டி பாதிக்கு மேல் இறங்கினால் நல்ல சேதி. பெரும்பாலும் ரத்தக்குழாய் திறந்துவிட்டது என்று அர்த்தம். இறங்கவில்லை என்றால் ஆபத்து அதிகம். உடனே ஆஞ்சியோபிளாஸ்டிக்கு அனுப்பணும். பல லீடுகளில் ஆழமான க்யூ அலை தெரிந்தால், இதயத் தசை அதிகம் சேதமாகியிருக்கலாம்.

1987-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, மாரடைப்பில் பிழைத்த 808 பேரின் 24 மணி நேர இசிஜியைப் பார்த்தது. துடிப்புகளுக்கு இடையிலான நேரம் ஆரோக்கியமான இதயத்தில் கொஞ்சம் கூடிக் குறையும். அந்த மாற்றம் மிகக் குறைவாக இருந்தவர்களுக்கு, அதிகமாக இருந்தவர்களைவிட இறப்பு அபாயம் 5 மடங்குக்கும் மேல் இருந்தது.

ஆனால் இது ஜோசியம் இல்லை, அபாயக் கணக்கு. எக்கோ, ரத்தப் பரிசோதனையோடு சேர்த்துத்தான் டாக்டர்கள் முடிவு செய்வார்கள். முதல் இசிஜி நார்மலாக வந்தும் மாரடைப்பு இருக்கலாம். அதனால்தான் மறுபடியும் மறுபடியும் எடுக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் என்ன நடந்தது?

ஐந்தோவன் காலத்தில் மெஷினால் நோயாளியிடம் போக முடியவில்லை. இன்று மெஷின் சின்ன ஊருக்கு வந்துவிட்டது. இதய நிபுணர்தான் தூரத்தில் இருக்கிறார். தீர்வு அதேதான்: சிக்னலை அனுப்புவது.

2012 முதல் 2014 வரை நடந்த தமிழ்நாடு ஸ்டெமி ஆய்வில், சின்ன ஆஸ்பத்திரிகளையும் ஆம்புலன்ஸ்களையும் பெரிய இதய மையங்களோடு இணைத்து, இசிஜியை அனுப்பி சிகிச்சையை முடிவு செய்தார்கள். ஆய்வில் இருந்தவர்கள் 2,420 பேர். ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6 சதவிகிதத்தில் இருந்து 14.2 ஆகக் குறைந்தது. 100 பேரில் 3 உயிர்களுக்கு மேல்!

ஆனா, கோடு பேசணும்னா நோயாளி முதல்ல மெஷின் கிட்ட வந்து சேரணும். நெஞ்சு வலி வந்தால் வாயுத் தொல்லைன்னு சோடா குடிச்சுக் காத்திருக்காதீங்க. உடனே 108-ஐக் கூப்பிடுங்க.