டி.ஆர்.மகாலிங்கம்: சம்பாதித்ததெல்லாம் போன பிறகும் குரல் நின்றது எப்படி?

மதுரையைத் தாண்டி காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் கோயில் திருவிழாவுக்கு மைக்செட் கட்டினால், ‘திருவிளையாடல்’ பாட்டு பெரும்பாலும் வந்துவிடும். அதில் பாணபத்திரராக வந்து உச்சஸ்தாயியில் உருகுபவரைப் பலருக்கும் தெரியும். பெயர்தான் சட்டென்று ஞாபகத்துக்கு வராது. அவர்தான் டி.ஆர்.மகாலிங்கம்.

யார் இவர்?

சோழவந்தான் அருகே தென்கரையில் 1924-ல் பிறந்தவர். சின்ன வயசிலேயே நாடக மேடை ஏறிவிட்டார். மேடையை ஆண்ட எஸ்.ஜி.கிட்டப்பா 1933-ல் இளம் வயதிலேயே மறைந்துவிட்டார். அதே பாணியில் மேல் ஸ்தாயியைத் தொட்ட இந்தச் சிறுவன் கவனம் பெற்றார். ‘நந்தகுமார்’ (1938) படத்தில் கிருஷ்ணனாக அறிமுகம். ஏ.வி.மெய்யப்ப செட்டியாரின் ‘ஸ்ரீவள்ளி’ (1945) அவரை ஸ்டார் ஆக்கியது. அடுத்து ‘நாம் இருவர்’ (1947), அதுவும் ஹிட்.

மாறிய காலம்

அன்றைக்கு ஹீரோ என்றால் பாடத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் ‘ஸ்ரீவள்ளி’யிலேயே மாற்றம் தெரிந்தது. நாயகி ருக்மணியின் பாடல்களுக்கு பி.ஏ.பெரியநாயகியின் குரல் பயன்படுத்தப்பட்டது. நடிக்க ஒருவர், பாட ஒருவர் என்ற பின்னணிப் பாடல் முறை 1950-களில் வழக்கமாகிவிட்டது. பாடத் தெரிந்த நடிகர்தான் வேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டது.

கையைச் சுட்ட சொந்தப் படங்கள்

அதே நேரத்தில் மகாலிங்கம் சொந்தமாகப் படம் எடுக்க இறங்கினார். ‘மச்சரேகை’, ‘சின்னதுரை’, ‘விளையாட்டு பொம்மை’ என வரிசையாகத் தயாரித்தார். போட்ட பணம் திரும்பவில்லை. கடன் ஏறியது, வாய்ப்புகள் குறைந்தன.

ஒரே பாட்டில் கம்பேக்

1958-ல் கவிஞர் கண்ணதாசன் தயாரித்த ‘மாலையிட்ட மங்கை’யில் இவர்தான் நாயகன். மனோரமா அறிமுகமானதும் இந்தப் படத்தில்தான். விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசையில், கண்ணதாசன் எழுதிய ‘செந்தமிழ் தேன்மொழியாள்’ பட்டிதொட்டியெங்கும் ஒலித்தது. இன்னைக்கும் டிவி பாட்டுப் போட்டிகளில் பாடப்படுகிற பாட்டு அது. பிறகு 1965-ல் ஏ.பி.நாகராஜனின் ‘திருவிளையாடல்’ வந்தது. 1973-ல் ‘ராஜராஜ சோழன்’ வரை நடித்தவர், 1978-ல் காலமானார்.

ஏன் இன்னும் கேட்கிறோம்?

மைக் பெரிதாகப் புழங்காத காலத்து நாடக மேடையில், கடைசி வரிசைக்கும் வார்த்தை புரிய வேண்டும். அந்தப் பழக்கத்தில் உருவான குரல் இது. எவ்வளவு மேலே போனாலும் ஒரு சொல்லும் தேயாது. அதனால்தான் திருவிழாக் கூட்டத்திலும் தெளிவாகக் கேட்கிறது, சின்ன செல்போன் ஸ்பீக்கரிலும் எடுபடுகிறது.

‘திருவிளையாடல்’ கதையில் பாணபத்திரருக்காக இறைவனே வந்து பாடுவார். அந்த வேடத்தில் நடித்த மகாலிங்கத்துக்கோ இரவல் குரல் தேவைப்படவில்லை. சொந்தப் படங்கள் காலை வாரிய பிறகும், தன் பாட்டைத் தானே பாடித்தான் மறுபடி எழுந்தார்.