ஐஸ் மேல ஓர் அடியாள்: பாப் ப்ரோபர்ட்

நம்ம சினிமால அடியாள் எப்பவும் வில்லன் பக்கத்துலதான் நிப்பான். ஐஸ் ஹாக்கில அவன் ஹீரோ பக்கத்துல நிப்பான். அங்கே அவனுக்குப் பேரு என்ஃபோர்சர். நட்சத்திர வீரரை எவனாவது அசிங்கமா மோதினா, இவன் கையுறையைக் கழட்டிப் போட்டுட்டு அவனோட சண்டைக்கு நிப்பான். ரெஃப்ரீ பெரும்பாலும் ஒருத்தர் விழுற வரைக்கும் விட்டுட்டு, அப்புறம் ரெண்டு பேரையும் 5 நிமிஷம் வெளியே உட்கார வைப்பார்.

இந்த வேலையில் பெரிய பேர் எடுத்தவர் பாப் ப்ரோபர்ட். 1965ல் கனடாவின் வின்ட்ஸர் நகரத்தில் பிறந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவின் டெட்ராய்ட். அந்த ஊர் அணியான ரெட் விங்ஸ் 1983 டிராஃப்டில் எடுத்தவங்கள்ல ரெண்டு பேர்: 4வதா ஸ்டீவ் ஐசர்மேன், 46வதா ப்ரோபர்ட். ஒருத்தர் கோல் போட, இன்னொருத்தர் காவல் காக்க.

1985-86ல் ரெட் விங்ஸ் லீக்லயே கடைசி. ரெண்டே வருஷத்துல, 1987-88ல், ஐசர்மேன் 50 கோல் போட்டார். ப்ரோபர்ட் 398 நிமிஷம் பெனால்டி வாங்கினார், கூடவே 29 கோலும் போட்டார். ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கும் தேர்வானார். அணி அரையிறுதி வரைக்கும் போச்சு.

அடியாள் இருந்ததாலதானா? புதுப் பயிற்சியாளரும் வந்திருந்தார், அதையும் கணக்குல எடுக்கணும். உண்மையான சிக்கல் என்னன்னா, பயந்து அடிக்காம விட்ட அடியை எந்த ஸ்கோர்கார்டும் எண்ணாது. ஆனா ஐசர்மேனைத் தொடுறதுக்கு முன்னாடி எதிரணி ஒரு தடவை யோசிச்சது என்பதை அந்தக் காலத்து வீரர்கள் யாரும் பெரிசா மறுக்கல.

மறுபக்கம் இருண்டது. மது, கோகெய்ன். 1989ல் எல்லையில் கோகெய்னோட பிடிபட்டு, சிறைக்கும் போனார். திரும்பி வந்து ஆடினார், மறுபடி சறுக்கினார். 1994ல் டெட்ராய்ட் கைவிட, சிகாகோவுக்குப் போனார். 1997ல் ஐசர்மேன் ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினப்போ ப்ரோபர்ட் அந்த அணியில் இல்லை. கடைசி வரைக்கும் அவருக்குக் கோப்பை கிடைக்கல.

மொத்தம் 935 ஆட்டம், 3,300 பெனால்டி நிமிஷம். கூட்டிப் பார்த்தா 55 மணி நேரம்!

2010 ஜூலை 5, செயின்ட் கிளேர் ஏரியில் குடும்பத்தோட படகுல இருந்தப்போ நெஞ்சு வலி வந்து இறந்தார். வயசு 45தான். கடைசி வருஷங்கள்ல ஞாபகம் தடுமாறினதா குடும்பத்தார் சொன்னாங்க. அவர் மூளையை பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தாங்க. தலையில் திரும்பத் திரும்ப அடிபடுறவங்களுக்கு வர்ற சி.டி.ஈ. என்ற மூளைச் சிதைவு அதில் இருந்தது 2011ல் தெரிஞ்சது. சண்டை மட்டும்தான் காரணமா, சாதாரண மோதல்களும் சேர்ந்ததான்னு பிரிச்சுச் சொல்ல முடியல.

இன்னிக்கு அந்த லீக்கில் சண்டைகள் ரொம்பக் குறைஞ்சிருச்சு. சண்டைக்குன்னே ஆள் வைக்கிறதும் கிட்டத்தட்ட போயிருச்சு.

சர்க்யூட் லேப்ல ஃபியூஸ் போட்டிருப்போம். போர்டு தப்பிச்சா ஃபியூஸ் நல்லா வேலை செஞ்சதுன்னு எழுதி, கருகினதைத் தூக்கிப் போட்டுட்டு ரெண்டு ரூபாய்க்கு வேற வாங்கிக்குவோம். ப்ரோபர்ட்டும் வேலையை நல்லாத்தான் செஞ்சார். ஆனா அவர் மனுஷன்.